மவுஸின் டாங்கிளும் தட்டச்சு செய்யும்: ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வயர்லெஸ் சாதனங்களைச் சீரமைத்த அனுபவம்

கோவையில் சிறு அலுவலகங்களின் கணினிகளை ஆண்டு ஒப்பந்த முறையில் பராமரிப்பது என் தொழில். ஆடிட்டர்கள், வழக்கறிஞர்கள், நூல் வியாபாரிகள் என என் வாடிக்கையாளர்கள் பலதரப்பட்டவர்கள் என்றாலும், கணினிகள் பத்து இருபது இருக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இருக்கமாட்டார் என்பது எல்லோருக்கும் பொது. அவர்களில் ஓர் ஆடிட்டர் புதிய கட்டடத்துக்கு அலுவலகத்தை மாற்றியபோது, மேசைகளின் மேல் ஒரு வயரும் தெரியக்கூடாது என்று விரும்பி, எல்லா இருக்கைகளுக்கும் வயர்லெஸ் விசைப்பலகையும் மவுஸும் சேர்ந்த காம்போவுக்குக் கொட்டேஷன் கேட்டார். விலையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த அலுவலகத்தில் நாள் முழுவதும் என்ன தட்டச்சு செய்யப்படுகிறது என்பது எனக்குத் தெரியும்.

வருமான வரித் தளம், ஜிஎஸ்டி தளம், டிடிஎஸ் தளம், கம்பெனிகள் பதிவுத் தளம் ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் அங்கே விரல் நுனியில் புழங்குகின்றன. டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கன்கள் வாடிக்கையாளர் பெயர் ஒட்டப்பட்டு டிராயரில் கிடக்கும். ஜூலை மாதக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடியில், செருகிய டோக்கனைக் கழற்றக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. புதிய இடத்தில் பக்கத்து அலுவலகத்துக்கும் இவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு மட்டுமே. கீழே வாகன நிறுத்தம். யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வண்டியில் உட்கார்ந்திருக்கலாம். இந்த வகைச் சாதனங்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலைக்குப் பிளைவுட் ஒரு தடையே இல்லை.

வயர்லெஸ் விசைப்பலகை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பயம் ஒட்டுக்கேட்பு. அது நியாயமான பயம், பழைய பயமும்கூட. 2002ஆம் ஆண்டில் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் ஒருவர் தன் வீட்டில் தட்டச்சு செய்தது, ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளியிருந்த இன்னொருவரின் கணினித் திரையில் வந்து விழுந்த செய்தி அக்காலத்தில் பேசப்பட்டது. அங்கே திருடன் என்று யாரும் இல்லை. ஒரே வகை விசைப்பலகைகள் இரண்டு ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்டுவிட்டன, அவ்வளவுதான். 2007இல் மாக்ஸ் மோசர், பிலிப் ஷ்ரோடல் ஆகிய ஆய்வாளர்கள், 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய மைக்ரோசாஃப்ட் விசைப்பலகைகளின் குறியாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி எழுத்தை மாற்றி அனுப்பும் முறை, ஒரே ஒரு பைட் நீளச் சாவியைக் கொண்டது என்று காட்டினார்கள். மொத்தம் 256 சாவிகள்தான். அத்தனையையும் போட்டுப் பார்க்கக் கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட வேண்டாம்.

2015 ஜனவரியில் சாமி காம்கார் என்பவர் வெளியிட்ட கீஸ்வீப்பர் என்னும் கருவி இதைவிட விஷமமானது. பார்ப்பதற்குச் சுவரில் செருகும் யுஎஸ்பி சார்ஜர். சார்ஜராகவும் வேலை செய்யும். உள்ளே இருக்கும் சிறு சர்க்யூட், அக்கம்பக்கத்தில் உள்ள சில வகை மைக்ரோசாஃப்ட் வயர்லெஸ் விசைப்பலகைகளில் அடிக்கப்படும் எழுத்துகளைப் பிடித்துச் சேமித்துக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றித் தனியார் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பே அனுப்பியது. இதைப் படித்த நாளிலிருந்து, ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் பிளக் பாயிண்ட்டுகளில் யாருடையது என்று தெரியாத சார்ஜர் தொங்குகிறதா என்று என் கண் தானாகத் தேடுகிறது.

2016 ஜூலையில் பாஸ்டில் என்னும் வயர்லெஸ் பாதுகாப்பு நிறுவனத்தின் மார்க் நியூலின் கண்டறிந்து சொன்னது விலை மலிந்த விசைப்பலகைகளைப் பற்றியது. எட்டு நிறுவனங்களின் சில மாடல்களில் குறியாக்கம் என்பதே கிடையாது. அடித்த எழுத்து அப்படியே காற்றில் போகிறது. 250 அடி தூரத்திலிருந்து அதைப் படிக்க முடிகிறது. அந்த எட்டில் எச்பி, தோஷிபா, கென்சிங்டன் போன்ற பரிச்சயமான பெயர்களும் இருந்தன என்பதை நான் ஆடிட்டரிடம் அழுத்திச் சொன்னேன். பெட்டியின் மேல் பெரிய பெயர் அச்சாகியிருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் எங்கிருந்தோ வாங்கிப் பொருத்தப்பட்டதுதான். இந்த மாடல்களுக்கு ஃபர்ம்வேரை, அதாவது சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை, புதுப்பிக்கும் வழியும் இல்லை.

இவ்வளவையும் கேட்ட ஆடிட்டர், "சரிங்க, விசைப்பலகை வயரோடவே இருக்கட்டும். மவுஸை மட்டும் வயர்லெஸ்ஸா மாத்திடலாம்" என்றார். மூத்த கணக்கரும் அதையே ஆமோதித்தார். "மவுஸ்ல திருடறதுக்கு என்னங்க தம்பி இருக்குது? அம்புக்குறி இங்கே போச்சு, அங்கே போச்சுன்னு தெரிஞ்சு எவன் என்ன பண்ணப் போறான்?" என்று கேட்டார். கேள்வியில் தவறே இல்லை. மவுஸ் தயாரித்த நிறுவனங்களும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தன. நகர்வையும் க்ளிக்கையும் யார் பார்த்தால் என்ன என்று, பெரும்பாலான மவுஸ்கள் அனுப்பும் தகவலுக்கு அவர்கள் குறியாக்கமே வைக்கவில்லை. அந்த அலட்சியத்தில்தான் இரண்டாவது ஆபத்து நுழைந்தது. இந்த விஷயத்தில் நான் பார்த்தவரை முதல் ஆபத்தைவிட அதுதான் பெரியது.

அதை விளக்குவதற்கு அவர்கள் முன்னாலேயே ஒன்றைச் செய்து காட்டினேன். ஒரு விண்டோஸ் கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'கீபோர்ட்ஸ்' என்ற தலைப்பை விரித்து வைத்தேன். அதன் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது. அது அந்தக் கணினியின் வயர் விசைப்பலகை. பிறகு, தனி மவுஸாக வாங்கிய ஒன்றின் டாங்கிளை, அதாவது மவுஸின் வானொலிச் செய்தியை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும் சிறு துண்டை, யுஎஸ்பி துளையில் செருகினேன். திரை ஒருமுறை சிமிட்டியது. மவுஸ்களுக்கான தலைப்பின் கீழ் ஒரு வரி கூடியது போலவே, 'கீபோர்ட்ஸ்' தலைப்பின் கீழும் புதிதாக ஒரு வரி வந்து நின்றது. மூத்த கணக்கர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்து அதைப் படித்தார். மவுஸ் என்று நாம் செருகிய பொருள் கணினியிடம் தன்னை விசைப்பலகை என்றும் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒரே டாங்கிளைப் பல வகைச் சாதனங்களுக்குப் பயன்படுத்தும் வசதிக்காகப் பல நிறுவனங்கள் இப்படி வடிவமைக்கின்றன.

அப்படியென்றால் அந்த டாங்கிளுக்கு வெளியிலிருந்து யாராவது 'இந்த எழுத்து அழுத்தப்பட்டது' என்று ஒரு வானொலிச் செய்தியை அனுப்பினால் அது என்ன செய்யும்? 2016 பிப்ரவரியில் நியூலின் மவுஸ்ஜாக் என்ற பெயரில் வெளியிட்ட ஆய்வு இதற்கான விடை. லாஜிடெக், மைக்ரோசாஃப்ட், டெல், எச்பி, லெனோவோ, ஜிகாபைட், அமேசான் பேசிக்ஸ் ஆகிய ஏழு பெயர்களில் விற்ற பல டாங்கிள்கள், அத்தகைய செய்தியைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக் கணினிக்குக் கொடுத்துவிட்டன. விசைப்பலகையிலிருந்து வரும் எழுத்துக்குக் குறியாக்கம் வைத்திருந்த சில நிறுவனங்களின் டாங்கிள்கள்கூட, குறியாக்கம் இல்லாமல் வந்த எழுத்தையும் மறுக்கவில்லை. பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே தாழில்லாத ஜன்னலை வைத்த மாதிரி ஆகிவிட்டது. தாக்குபவர் 100 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். அவருக்குத் தேவைப்படுவது விலை குறைந்த ஒரு யுஎஸ்பி ரேடியோவும் ஒரு மடிக்கணினியும்தான்.

ஆடிட்டரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, அவருடைய கணினி ஒன்றில், வேலை நேரம் முடிந்த பிறகு இதைச் சோதித்துப் பார்த்தோம். நான் பயன்படுத்தியது கிரேசிரேடியோ. ஸ்வீடன் நாட்டில் சிறிய பறக்கும் ரோபோக்களை இயக்குவதற்காகத் தயாரிக்கப்படும் யுஎஸ்பி ரேடியோ அது. நான் படிக்கட்டில் நின்றேன். அவர்கள் இருவரும் உள்ளே திரையின் முன் இருந்தார்கள். ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படாத பழைய டாங்கிள் ஒன்று செருகப்பட்டிருந்த அந்தக் கணினியில் நோட்பேட் தானாகத் திறந்து, முன்பே பேசிவைத்திருந்த ஒரு வரி மளமளவென்று விழுந்தது. மேசைமேல் இருந்த மவுஸை யாரும் தொடவில்லை. உள்ளே வந்தபோது ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி, "ஆன்டிவைரஸ் ஏங்க சும்மா இருந்துச்சு?" என்பதுதான்.

அந்தக் கேள்வியை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். ஆன்டிவைரஸின் பார்வையில் அங்கே நடந்தது ஒரு மனிதர் தன் விசைப்பலகையில் தட்டச்சு செய்தது மட்டுமே. அதில் கோப்பு எதுவும் இறங்கவில்லை, இணையத்திலிருந்து எதுவும் வரவில்லை. தட்டச்சு செய்யும் உரிமை மனிதருக்கு உண்டு என்பதால் அது குறுக்கிடுவதில்லை. அந்த எழுத்துகளைக் கொண்டு பின்னர் ஏதாவது மென்பொருள் இறக்கப்பட்டால்தான் அதற்கு வேலை வரும். இப்படிச் சோதிக்க விரும்புபவர்களுக்கு இடையில் ஒரு சொல்: சொந்தக் கணினியில், அல்லது உரிமையாளரின் அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் கணினியில் விளையாட்டாகச் செய்தாலும், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி இழப்பீடு கொடுக்க வேண்டி வரலாம்; நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இந்தச் சோதனையின் தொடர்ச்சியாக நாங்கள் கவனித்த இரண்டு விஷயங்கள், எந்தப் புதிய சாதனம் வாங்குவதையும்விட அதிகப் பயன் தந்தன என்று சொல்வேன். முதலாவது, திரை பூட்டப்பட்டிருந்தபோது வெளியிலிருந்து வந்த எழுத்துகள் கடவுச்சொல் கட்டத்தோடு நின்றுவிட்டன. உள்ளே போக முடியவில்லை. இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டும் பழக்கம் இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது. ஆள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாக்குவது கடினம். ஆள் டீ குடிக்கப் போயிருக்கும் திறந்த திரைதான் இலக்கு. இரண்டாவது, அந்த அலுவலகத்தில் எல்லோருமே நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அத்தகைய கணக்கில் விண்டோஸ் 'இந்த மாற்றத்தை அனுமதிக்கலாமா' என்று கேட்கும்போது 'ஆம்' என்பதை விசை அழுத்தியே சொல்லிவிடலாம். தாக்குபவர் கையில் இருப்பதும் விசைகள்தானே. சாதாரணக் கணக்காக இருந்தால் அதே இடத்தில் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது தெரியாதவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். எல்லா இருக்கைகளையும் சாதாரணக் கணக்குக்கு மாற்றினோம். கணக்கு மென்பொருள் ஒன்று அடம் பிடித்தது; அதற்குரிய கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்ததும் வழிக்கு வந்தது.

அடுத்து டாங்கிள்களின் ஃபர்ம்வேர். ஏற்கெனவே சில மேசைகளில் லாஜிடெக்கின் யூனிஃபையிங் டாங்கிள்கள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஆறு முனைகள் கொண்ட நட்சத்திரம் போன்ற குறி இருப்பதை வைத்து அவற்றை அடையாளம் காணலாம். அந்நிறுவனத்தின் மென்பொருளில் டாங்கிளின் ஃபர்ம்வேர் எண் தெரியும். பெரும்பாலும் 012 அல்லது 024 என்று தொடங்கும். மவுஸ்ஜாக் வெளியானதையொட்டி நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அது தானாக வந்து டாங்கிளில் ஏறாது. யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டும். இதைச் செய்யும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு: புதுப்பிப்பு ஓடும் நேரத்தில் அந்த டாங்கிளோடு இணைந்த மவுஸும் விசைப்பலகையும் செயலற்றுவிடும், எனவே ஒரு வயர் மவுஸைப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. புதுப்பிப்பு பாதியில் இருக்கும்போது டாங்கிளைப் பிடுங்கவும் கூடாது.

அதே மென்பொருள், அந்த டாங்கிளோடு எந்தெந்தச் சாதனங்கள் இணைந்துள்ளன என்ற பட்டியலையும் காட்டும். ஒரு டாங்கிள் ஆறு சாதனங்கள் வரை ஏற்கும். முன்வரிசைக் கணினி ஒன்றின் பட்டியலில், அலுவலகத்தில் இல்லவே இல்லாத ஒரு விசைப்பலகை இருந்தது. விசாரித்ததில், வேலையை விட்டுப் போன ஒருவர் தன் சொந்த விசைப்பலகையை இணைத்து வைத்திருந்தது தெரிந்தது. அவர்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தாலும், அந்த விசைப்பலகையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்தால் இந்தக் கணினியில் தட்டச்சு செய்யலாம் என்ற நிலை தொடர்ந்துகொண்டிருந்தது, பட்டியலிலிருந்து நீக்கினோம். ஆள் வேலையை விட்டுப் போகும்போது மின்னஞ்சல் கணக்கை முடக்குகிறோம், சாவியைத் திரும்ப வாங்குகிறோம். இந்தப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை.

ஃபர்ம்வேரை ஏற்றியதோடு யூனிஃபையிங் வகை முழுப் பாதுகாப்பு அடைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். 2019இல் மார்கஸ் மெங்ஸ் என்னும் ஜெர்மன் ஆய்வாளர் புதிய ஓட்டைகளைக் காட்டினார். சாதனமும் டாங்கிளும் முதன்முறை இணையும் கணத்தை ஒட்டுக்கேட்டால் குறியாக்கச் சாவியைக் கணக்கிட்டு, அதன் பிறகு அடிக்கப்படும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பது ஒன்று. டாங்கிள் சிறிது நேரம் கைக்குக் கிடைத்தால் சாவியை அதிலிருந்தே உருவி எடுக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குத் திருத்தம் தருவதாகச் சொன்ன நிறுவனம், முதலாவதைத் திருத்தினால் பழைய சாதனங்களோடு ஒத்துப்போகாது என்ற காரணத்தால் அப்படியே விட்டது. ஆகவே இவ்வகைச் சாதனத்தைத் தொழிற்சாலையில் இணைத்து வந்தபடியே பயன்படுத்துவது நல்லது. மறுபடி இணைக்க வேண்டி வந்தால் கூட்டம் இல்லாத இடத்தில் இணைக்க வேண்டும். அடுத்தவரிடம் டாங்கிளை இரவல் கொடுப்பதும், பழைய கணினியை விற்கும்போது டாங்கிளையும் சேர்த்துக் கொடுப்பதும் கூடாது. கூட்ட அறையில் ஸ்லைடு மாற்றப் பயன்படும் ரிமோட்டும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லும்போது அது அனுப்புவதும் விசைப்பலகையின் ஒரு விசையையே. மெங்ஸின் கண்டுபிடிப்புகளில் லாஜிடெக்கின் ஸ்பாட்லைட், ஆர்500 என்ற இரு ரிமோட்டுகளும் அடக்கம்.

2021இல் அதே நிறுவனம் அறிமுகப்படுத்திய போல்ட் என்ற வகை புளூடூத் லோ எனர்ஜி முறையை அதன் உயர்ந்த பாதுகாப்பு நிலையில் பயன்படுத்துகிறது. விசைப்பலகையை இணைக்கத் திரையில் தோன்றும் ஆறு இலக்க எண்ணை அந்த விசைப்பலகையிலேயே அடிக்க வேண்டும்; மவுஸ் என்றால் இடது, வலது பொத்தான்களைச் சொன்ன வரிசையில் அழுத்த வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கிறது. ஆனால் நடுவில் நுழையும் ஒருவரைத் தடுப்பது அந்த எரிச்சலான வேலைதான் என்பதால் நான் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. பழைய யூனிஃபையிங் சாதனம் போல்ட் டாங்கிளோடு சேராது என்பதைக் கடையில் பணம் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டும்.

டாங்கிளே இல்லாத புளூடூத் விசைப்பலகை என்றால் கவலையில்லையா என்று ஆடிட்டர் கேட்டார். அதே நியூலின் 2023 டிசம்பரில் அதற்கும் ஒரு விடை வைத்திருந்தார். ஆண்ட்ராய்டு, லினக்ஸ், மேக், ஐஃபோன் ஆகியவற்றில், பயனரிடம் அனுமதி கேட்காமலே ஒரு போலி புளூடூத் விசைப்பலகையை இணைத்து எழுத்துகளை அனுப்ப முடிந்தது. திருத்தங்கள் வந்துவிட்டன, விண்டோஸுக்கும் 2024 ஜனவரியில் வந்தது. புதுப்பித்த கணினியில் புளூடூத் இன்று மோசமான தேர்வு இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டு 10ம் அதற்கு முந்தையவையும் திருத்தம் பெறவில்லை. இந்த அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் ஓடிபி வந்து சேரும் பொதுக் கைபேசி அப்படிப்பட்ட பழைய ஃபோன். அதில் புளூடூத்தை அணைத்து வைத்தோம்.

கடைசியில் நான் கொடுத்த கொட்டேஷன் ஆடிட்டர் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. கடவுச்சொல்லும் டோக்கனும் புழங்கும் இருக்கைகள் எல்லாவற்றுக்கும் சாதாரண வயர் விசைப்பலகை, வயர் மவுஸ். மேசையில் துளையிட்டு வயரைக் கீழே இறக்கிவிட்டால் பார்வைக்கும் உறுத்தாது. ஆடிட்டரின் அறைக்கும் கூட்ட அறைக்கும் மட்டும் போல்ட் வகை. பெயர் தெரியாத மலிவு காம்போக்களைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அவற்றில் ஒன்றை என் ரேடியோவால் சோதித்தபோது எதுவும் நடக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த முறைக்கு அது அசையவில்லை என்பதைத் தவிர அதிலிருந்து வேறு எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே என்ன சிப், குறியாக்கம் உண்டா, ஃபர்ம்வேரைத் திருத்த முடியுமா என்று பெட்டியிலோ கையேட்டிலோ ஒரு வரிகூட இல்லாத பொருளை, பிறர் கடவுச்சொற்கள் புழங்கும் மேசைக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

வயருக்கும் குறை உண்டு என்பதை அவரிடம் மறைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள ஈபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல், வயர் விசைப்பலகை கசியவிடும் மின்காந்த அலையைக் கொண்டு 20 மீட்டர் தூரம் வரை எழுத்துகளைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு வேண்டிய ஆன்டெனாவையும் உழைப்பையும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்காக யாரும் செலவிடமாட்டார்கள் என்பது என் கணிப்பு. நடைமுறையில் வயர் விசைப்பலகைக்கு இருக்கும் ஆபத்து, கணினியின் பின்புறத்தில் வயருக்கும் துளைக்கும் நடுவில் செருகப்படும் சுண்டுவிரல் அளவுள்ள பதிவுக் கருவிதான். மாதாந்திரப் பராமரிப்புக்குப் போகும்போது ஒவ்வொரு கணினியின் முதுகுப் பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பதை வேலைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். டாங்கிள்களின் இணைப்புப் பட்டியலும் அதே நாளில் சரிபார்க்கப்படுகிறது. மூத்த கணக்கர் மட்டும் தன் பழைய வயர்லெஸ் மவுஸை விட மனமில்லாமல் வைத்திருக்கிறார். அதன் டாங்கிளுக்கு ஃபர்ம்வேர் ஏற்றியாயிற்று. அவருடைய கணினியில் டோக்கன் செருகுவதில்லை என்ற ஏற்பாட்டோடு அதற்கு ஆடிட்டரும் சம்மதித்துவிட்டார்.